முதல் பக்கத்தில் நான் எழுதிய வரி

போன ஞாயிறு காலை, பேப்பரைக்கூட விரிக்கவில்லை. வாசலில் ஒரு அம்மா, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அடையாளந் தெரியுதுங்களா சாமி? கவிதாவோட அம்மாங்க. பொங்கலூருப் பள்ளிக்கூடத்துல புஸ்தகம் குடுத்தீங்களே!"

கவிதாவை மறக்க முடியுமா? போன வருஷ ஆண்டு விழாவில் அறிவியலில் முதல் பரிசு வாங்கிய எட்டாம் வகுப்புப் பெண். நான் சிறப்பு விருந்தினர். வால்நட்சத்திரங்களைத் தேடிக் கண்டுபிடித்த ஒரு பெண் விஞ்ஞானியின் கதை — பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம் — பரிசாகக் கொண்டு போயிருந்தேன். அட்டையைப் பார்த்தவள் மேடையிலேயே கேட்டாள்.

"ஏனுங்க சார், சூரியன் இந்தப் பக்கம் இருக்குது. நிலாவோட அந்தப் பக்கம் வெளிச்சமா இருக்குதே... எப்படிங்க?"

வரைந்தவர் கவனிக்கவில்லை. அச்சடித்தவர் கவனிக்கவில்லை. வாங்கிய நானும்தான்! அசந்துபோய் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'மற்றவர் கண்ணுக்குத் தப்புவது இவள் கண்ணுக்குத் தப்பாது.'

"இப்ப ஒன்பதாவதா?" என்றேன்.

"இல்லீங்க. அவங்கப்பனால வேலைக்குப் போக முடியலீங்க. பனியன் கம்பெனில சேத்துட்டமுங்க. செக்கிங்!"

அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை. மேலே துணி ஓடும். ஓட்டை இருந்தால் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். நாள் முழுக்க அந்தப் புள்ளியைத் தேடுவதுதான் செக்கிங். புதுப் பெண்களுக்கு அது லேசில் கிடைக்காது — பிசிறு வெட்டத்தான் விடுவார்கள். நேராகச் செக்கிங் என்றால் பெரிய மனிதர் யாராவது சொல்ல வேண்டும்.

"நீங்க எழுதுனதக் காட்டுனமுங்க. சூப்பர்வைசரு படிச்சுப்போட்டு அன்னிக்கே எடுத்துக்கிட்டாருங்க. நீங்க நல்லா இருக்கோணும்!"

இத்தனை வருஷம் எழுதியதில் உடனே பலன் கொடுத்த ஒரே வரி அதுதான்.

யாரைத் திட்டுவது? படுத்துவிட்ட அப்பாவையா? நன்றி சொல்ல வந்த இந்த அம்மாவையா? பொன்னாடையை மடித்துக்கொண்டு கார் ஏறியவன் நான். அந்தப் பெண் படிக்கிறாளா என்று ஒரு நாளாவது விசாரித்தேனா? வெட்கமாக இருந்தது.

"கவிதா ஒண்ணும் சொல்லலையா?"

"ரெண்டு நாள் சோறு திங்கலீங்க. அப்பறம் சரியாப் போச்சு. புஸ்தகம் சூப்பர்வைசருகிட்டவே இருக்குது. வாங்கிக் குடுன்னு அதுக்குத்தான் நச்சரிக்கறா."

பழத்தை என் கையில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"சின்னவ ஆறாவது படிக்கறாங்க. அவளுக்கும் ஒரு வரி எழுதி வெச்சுட்டீங்கன்னா..."

சட்டைப் பையில் பேனா இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.