செல்வியக்காவின் ஆப்பிள்

புதுக்கோட்டை பேருந்து நிலையக் கடையில் இன்று ஆப்பிள் பெட்டியைப் பிரித்தார்கள். அந்த வாசனை என்னை ஆலங்குடியின் முந்திரித் தோப்புக்குள் இருந்த ஓலைக் கொட்டகைக்கு இழுத்துப் போனது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டிலிருந்த செல்வியக்கா அங்கேதான் எங்களுக்கு டியூஷன் எடுத்தாள். முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை தொண்டையைக் கமற, "ஏ பால், ஏ கேட், ஆன் எக், ஆன் ஆப்பிள்" என்று, எதற்கு 'ஏ', எதற்கு 'ஆன்' வரும் என யோசிக்காமலே நாக்கு தானாகப் புரளும்வரை ராகம் போட்டுக் கத்துவோம். எங்களில் யாரும் ஆப்பிள் தின்றதில்லை. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, டியூஷனின் கடைசி நாளன்று, ஒரே ஒரு ஆப்பிளைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிக் கொடுத்தாள். மாவு மாதிரி இருந்தது.

"இம்புட்டுதானாக்கா?" என்றேன்.

தன் கீற்றை மெதுவாக மென்றபடி அக்கா சொன்னாள், "எனக்கும் இதுதான்டி மொதத் தடவ."