முதல் வரியோடு நின்ற சீட்டு

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, வீடு திரும்பும் நோயாளிகளுக்கான சீட்டை அச்சடிக்கத் தொண்ணூறுகளில் நான்தான் புரோகிராம் எழுதினேன். டாக்டரின் குறிப்பு எவ்வளவு நீண்டாலும் திரையில் மடங்கி அடுத்தடுத்த வரிகளில் வரும். அச்சிலோ முதல் வரியோடு நின்றுவிடும். அது எனக்குத் தெரியாது. என் பெயரை மட்டுமே அடித்துச் சோதித்திருந்தேன்.

முதல் சீட்டு போன அன்று, அதன் கார்பன் நகலைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மில்லில் கால் கிழிந்த ஒருவருக்கு, "காலில் தையல், பென்சிலின் ஊசி" என்பதோடு குறிப்பு முடிந்திருந்தது. "போடவே கூடாது" என்பது திரையிலேயே தங்கிவிட்டது. அவரோ வீட்டுக்குப் பக்கம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாறிப் போயிருந்தார். போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. பஸ் ஏறினேன். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது எனக்கு உயிர் போய் வந்தது.

அங்கே அவர் கண்மூடிக் கிடந்தார். பக்கத்தில் காலி ஊசிக்குழல்.

"பென்சிலின் போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

நர்ஸம்மா சீட்டை நீட்டினார். "கடைசியில முற்றுப்புள்ளியே இல்லியேம்மா. பாதியில நிக்குதேன்னு இவிய சம்சாரத்தைக் கேட்டேன். அது சேராதுன்னாவ. வேற ஊசிதான் போட்டேன், தூங்குதாவ. நீ யாரு?"

"இதை அச்சடிச்சவ."

அவர் திட்டவில்லை. "செத்த நேரம் உக்காரு" என்று தண்ணீர் கொடுத்தார்.

இப்போதும் அச்சான எந்தத் தாளையும் அடியிலிருந்துதான் பார்க்கிறேன். முற்றுப்புள்ளி கண்ணில் பட்ட பிறகே மேலே போகிறேன்.