தெற்குப் பாதியில் ஏழு அங்குலம்

ஆரணியில் எங்கள் தெரு கிளப்புக்கு ஆண்டு மலர் போடுகிறார்கள். முன்பு கிளப் நடத்திவந்த செம்மண் டென்னிஸ் போட்டியின் வரலாற்றை அதற்காக எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். மூன்று பக்கம் போதுமாம். போட்டி நடந்தது இருபத்திமூன்று ஆண்டுகள். அதில் கடைசிப் பதினாறு ஆண்டுகளுக்கு நான்தான் நடுவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் என்பதால் எண்ணுகிற வேலை எல்லாம் தானாக என் தலையில் வந்து விழும். பதினாறு ஸ்கோர் நோட்டுகளும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

முதல் இருபத்திரண்டு ஆண்டுகளை ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டேன். யார் ஜெயித்தார், எந்த வருஷம் மழையில் ஆட்டம் இரண்டு நாள் தள்ளிப்போனது, எப்போது வலை கிழிந்தது, எல்லாம் வந்துவிட்டது. இருபத்திமூன்றாவது ஆண்டில் பேனா நின்றுவிட்டது. ஒன்பது நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை. மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டேனா, போடவே இல்லையா என்று அட்டையை எண்ணிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

போட்டி ஏன் நின்றது என்று கேட்டால் ஊரில் நான்கு காரணம் சொல்வார்கள். பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். செம்மண் லோடு கிடைக்கவில்லை. கல் ரோலர் இழுக்க ஆள் இல்லை. கிளப்பில் இரண்டு கோஷ்டி. நான்கும் உண்மைதான். ஐந்தாவது காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

அந்த மைதானம் காலையில் எட்டு மணி வரை டென்னிஸ் மைதானம் அல்ல. தெருவில் நீளமான, சமமான, நிழல் விழுகிற இடம் அது ஒன்றுதான். அதனால் நெசவு வீட்டுக்காரர்கள் அங்கேதான் பாவு விரிப்பார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, சிக்கெடுத்து, காயவிட்டுச் சுருட்டிக்கொண்டு போவார்கள். எட்டு மணிக்குமேல் மண்ணைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டால் அது டென்னிஸ் மைதானம். மைதானத்தை விட்டுக்கொடுக்கத் தெரு போட்ட நிபந்தனையே இதுதான். இருபத்திமூன்று ஆண்டுகளும் இதில் ஒரு சண்டை வந்ததில்லை.

கடைசி ஆண்டு புது மண் கொட்டினோம். அதில் கோட்டுக்கு அடையாளமாக மூலைக்கு ஒன்றாக அடித்திருந்த நான்கு ஆணிகளும் போய்விட்டன. அளவு நாடா துருப்பிடித்து இருபதாவது அடியில் அறுந்திருந்தது. பாவு இழுத்துக் கட்டுகிற நூல் கயிறு ஒன்றை இரவல் வாங்கி, என் ஒரு அடி ஸ்கேலால் முப்பத்தொன்பது முறை அளந்து, முடிச்சுப் போட்டேன். வலையிலிருந்து கடைசிக் கோடு வரை முப்பத்தொன்பது அடி. சனிக்கிழமை மாலை வடக்குப் பாதியை வரைந்து முடித்தபோது இருட்டிவிட்டது. கயிற்றை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பாவு சுருட்டியதும், அதே கயிற்றை எடுத்துத் தெற்குப் பாதியை வரைந்தேன். கயிறு ஈரமாக இருந்தது. கையில் பிசுபிசுத்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அன்று இறுதி ஆட்டம். ஒரு பக்கம் வேலூரிலிருந்து வந்த வங்கி அதிகாரி ஒருவர். வலைக்கு அருகில் பந்தை மெல்லப் போட்டு ஆளை ஓடவைப்பவர். எதிரில் எங்கள் தெரு நெசவாளி ஒருவர். முப்பது வயது இருக்கும். பந்தை நீளமாக, கடைசிக் கோட்டை ஒட்டி அடிப்பார். அவர் ஆடுகிறார் என்றால் தெருவின் பதினெட்டு நெசவு வீட்டிலும் தறிச் சத்தம் நின்றுவிடும்.

மூன்றாவது செட். ஐந்துக்கு நான்கு, நாற்பதுக்கு முப்பது என்று அதிகாரி முன்னால் இருந்தார்; இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அவருக்கு வெற்றி. அதிகாரி தெற்கிலிருந்து சர்வ் போட்டார். நெசவாளி அதை வடக்கிலிருந்து மூலைக்கு அடித்தார். அதிகாரியால் எட்டக்கூட முடியவில்லை. பந்து கோட்டுக்கு வெளியே நான்கு விரல் தள்ளி விழுந்து, புது மண்ணில் வட்டமாகத் தடம் பதித்தது. ‘அவுட்’ என்றேன். ஆட்டம் முடிந்தது.

நெசவாளி வலையைத் தாண்டி வந்து அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்தார். சண்டை போடவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சும்மா இருக்கமுடியாமல் மைதானத்தை மறுபடி அளந்தேன். எனக்கு இது ஒரு வியாதி. வடக்கு முப்பத்தொன்பது அடி. தெற்கு முப்பத்தெட்டு அடி ஐந்து அங்குலம். மூன்று தடவை அளந்தேன். கஞ்சித் தண்ணீரில் ஊறிய நூல் கயிறு சுருங்கும் என்பது அந்தத் தெருவில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும்.

காலால் கோட்டை அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஐந்து பேர். நெசவாளி கொடுக்கவில்லை. அவர் ஆடாத போட்டியைப் பார்க்கத் தெருவில் யாருக்கும் நேரமில்லை. போட்டி நின்றது. அந்த இறுதி ஆட்டம் நடந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது.

பத்தாவது நாள் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நெசவாளி இப்போது பக்கத்தில் முள்ளிப்பட்டில் இருக்கிறார். ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர். நோட்டு நசுங்கிவிடப் போகிறதே என்று மடியில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம், அவர் வீட்டில் இல்லாமல் இருந்தால் நல்லது என்றும் தோன்றியது.

அவர் மனைவிதான் முதலில் அடையாளம் கண்டார்.

“யாரு, நம்ப கணக்கு சாரா! இன்னா சார், இம்மாம் இளைச்சிட்டீங்க? உள்ள வாங்க.”

நெசவாளி தறியிலிருந்து எழுந்து வந்தார். தடித்த கண்ணாடி. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே பயம் வந்திருக்கவேண்டும்.

“ஒடம்புக்கு எதுனா சரியில்லையா சார்?”

“ஒரு விஷயம் சொல்லணும். நீங்க கோவப்படக் கூடாது.”

“பொண்ணு கேக்க வந்தவரு மாதிரி இழுத்துகினு நிக்கிறீங்களே. சொல்லுங்க.”

ஸ்கேல், முடிச்சு, சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று வரிசை மாறாமல் சொன்னேன். ஏழு அங்குலம் என்றதும் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“பந்து கோட்டுக்கு வெளிய எவ்ளோ தள்ளி வுழுந்துச்சு?”

“நாலு விரல். மூணு அங்குலம்னு குறிச்சு வெச்சிருக்கேன்.”

“அப்ப நாலு அங்குலம் உள்ள.” கணக்கில் அவர் என்னை முந்திக்கொண்டார். “கயிறு யாருது?”

“உங்களுது. அன்னைக்குக் காலையில உங்க பாவுதான் அங்க விரிச்சிருந்துச்சு.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நல்லா கேட்டுக்கோங்க! நீங்க தெளிச்ச கஞ்சி, நீங்க நனைச்ச கயிறு. பாவம், கண்ணு மேல பழி போட்டுகினு திரிஞ்சீங்களே!” என் பக்கம் திரும்பினார். “அந்த ஆட்டத்துக்கு அப்பறம் இவரு கண்ணு போச்சு, கண்ணு போச்சுன்னு ஒரே பேஜார் சார். வேலூருக்குப் போயி டாக்டரைப் பார்த்தோம். ஒண்ணுமில்லைன்னாரு. இவரு நம்பல. வேற டாக்டர் கிட்ட போயி கண்ணாடி வாங்கிகினு வந்தாரு. சேலையில பூ போடற புட்டா வேலை எல்லாம் தம்பிக்குத் தள்ளிவுட்டுட்டு, மூணு வருஷம் வெறும் சேலைதான் நெய்ஞ்சாரு.”

இது எனக்குத் தெரியாது. என் நோட்டில் எங்கும் இல்லை.

“முப்பத்தொரு வருஷம் சார்,” என்றார் நெசவாளி. குரல் உயரவில்லை. “எத்தினி தபா கடைத்தெருவுல பார்த்திருக்கோம். டீ கூட ஒண்ணா குடிச்சோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

“பரிசு குடுத்தாச்சு. அவரும் ஊருக்குப் போயிட்டாரு. அப்பறம்… பயமா இருந்துச்சு.”

“இன்னா பயம்?”

“கணக்கு வாத்தியாருக்கு அளக்கத் தெரியலைன்னு சொல்லுவாங்க.”

“அதுக்கு நான் எனக்கு அடிக்கத் தெரியலைன்னு நெனச்சிகினு கெடந்தேன்.”

நோட்டைத் திறந்தேன். அவரே மறுபடி பேசினார். “சரி, பக்கம் மாத்தி மாத்தித்தானே ஆடினோம். அவருக்கும் அதே கோடுதானே?”

இந்தக் கேள்வியை முப்பத்தொரு வருஷமாக எனக்கு நானே கேட்டிருக்கிறேன். “தெற்குக் கோட்டுல அவுட்டுன்னு நான் சொன்னது மொத்தம் பதினொண்ணு. அவருது மூணு. உங்களுது எட்டு.”

“எட்டா?”

“அதுல எத்தனை உள்ள விழுந்துச்சுன்னு தெரியாது. கடைசிப் பந்துக்கு மட்டும்தான் தூரம் குறிச்சேன்.”

அவர் நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். மனைவி குறுக்கிட்டார். “அதுக்காக இப்ப கண்ணாடியக் கழட்டிடாதீங்க. இப்ப நெஜமாவே கண்ணு போச்சு.” அவர் சிரிக்கவில்லை. விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எட்டு வரை எண்ணினார்.

“மலர்ல எழுதிடறேன்,” என்றேன். “அந்த வருஷம் ஜெயிச்சது நீங்கதான்னு எழுதிடறேன்.”

“வாணாம் சார். ஜெயிச்சேன்னு எழுதாதீங்க. நாப்பதுக்கு நாப்பதுன்னு டியூஸ்தான் ஆயிருக்கும். அப்பறம் அவரே கூட ஜெயிச்சிருப்பாரு, யாருக்குத் தெரியும்? பந்து உள்ள வுழுந்துச்சுன்னு எழுதுங்க. அது போதும்.”

“யார் அளந்ததுன்னும் எழுதணுமே.”

“அது உங்க இஷ்டம்,” என்று நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். வாசல் வரை வந்தார். போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. ஆட்டோ வரும்வரை நின்றார்.

அன்று மாலையே எழுதிவிட்டேன். ‘இருபத்திமூன்றாம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் தெற்குப் பாதி ஏழு அங்குலம் குறைவாக வரையப்பட்டிருந்தது. வரைந்தவரும் நடுவரும் ஒருவரே, இதை எழுதுபவர். கடைசிப் பந்து உள்ளே விழுந்தது.’ மலர்க் குழுவில் இருப்பவர் படித்துவிட்டு, நல்ல நாளில் இது எதற்கு சார், எடுத்துவிடலாமே என்கிறார். மூன்று வாக்கியம்தான், எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றுதான் தலையாட்டினார். இருந்தாலும் புதன்கிழமை அச்சகத்துக்கு நானே போய், மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வரவேண்டும்.