அவர் போனிலிருந்து எடுத்த கார்டு

எம் பொண்ணு ஒரு நாள் சாப்பிட்டுக்கினு இருக்கறப்ப கேட்டா, "அப்பா எப்டிம்மா பேசுவாரு?"

அவளுக்கு அப்ப அஞ்சு வயசு. அவரு போய் பத்து மாசம் ஆயிருந்துச்சு. பேசிக் காட்டலாம்னு வாயத் தொறந்தேன், வரல. மூஞ்சி வருது, நடை வருது, சட்டையில இருக்கற டேனரித் தோல் நாத்தம் கூட மூக்குல வருது. குரலு மட்டும் வரல. ஏழு வருஷம் ஒரே வீட்ல இருந்த மனுஷன் குரலு பத்து மாசத்துல மறந்து போவுமா? எனக்குப் போச்சு. "நல்லாத்தான் பேசுவாரு, நீ வாய மூடிக்கினு சாப்புடு"ன்னு அதட்டிட்டேன்.

நான் அழல. அதையும் சொல்லிடறேன். ஆம்பூர்ல தோல் பதப்படுத்தற டேனரில ஷிஃப்ட் முடிச்சிட்டு வண்டில வந்தவரு மாதனூர் வந்து சேரல. பைபாஸ் ரோட்ல லாரி. ஆஸ்பத்திரில, அடக்கத்துல, முப்பதாம் நாள் ஜெபத்துல, எங்கயுமே எனக்கு அழுகை வரல. அழுத்தக்காரின்னு பேசினாங்க. பேசட்டும். பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்துப் போவும் பாருங்க, அந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. தொட்டா தொட்டது தெரியும், அவ்ளோதான். கடைசியா உன்கிட்ட இன்னா பேசினாருன்னு வந்தவங்க எல்லாம் கேட்டாங்க. ஞாபகம் இல்லன்னேன். நிஜமாவே ஞாபகம் இல்ல.

காலைல நாலரைக்கு எழுந்திருப்பேன். பருப்பப் பாத்திரத்துல போட்டு வேக வெப்பேன். குக்கர் ரப்பர் அறுந்து போய் குக்கர் பரண் மேல கெடந்துச்சு. ஒரு ரப்பர் வாங்க எவ்ளோ நேரம் ஆவும்? பத்து மாசமா வாங்கல. அரை வேக்காட்டுப் பருப்பக் கடைஞ்சி வெச்சிட்டு, புள்ளய பக்கத்து வீட்ல ஓரகத்திகிட்ட விட்டுட்டு, ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிடுவேன்.

ஷூ கம்பெனில நான் பேஸ்டிங். மேல்தோலுக்கும் உள்பக்கம் வர்ற லைனிங்குக்கும் சொல்யூஷன் தடவி ஒட்டற வேலை. பதினோரு வருஷமா அதான். ஆஸ்பத்திரில குடுத்த பிளாஸ்டிக் பையில அவரு சாமான் இருந்துச்சு. அதுல இருந்து நான் எடுத்தது போனை மட்டும்தான். மீதிய எல்லாம் கொழுந்தன் எடுத்துனு போய்ட்டான். வண்டி சாவி, துண்டு, கறுப்பா வளையமா ஒரு ரப்பர். "வண்டில இருந்து ஏதோ கழண்டிருக்குது அண்ணி"ன்னான். நான் திரும்பிக் கூடப் பாக்கல.

அந்தப் போனு குச்சி வெச்சித் தொடற பெரிய ஸ்க்ரீன் சைனா செட்டு. நொறுங்கிப் போயிருந்துச்சு. பேட்டரியக் கழட்டினா அடியில வெரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு. அத எங்க வெக்கறது? வீட்ல வெச்சா புள்ள வாயில போட்டுக்கும். அதனால, எப்பவோ அவரு கொண்டாந்த லைனிங் தோல் துண்டு ஒண்ணை மடிச்சி, உள்ள கார்ட வெச்சி, மூணு பக்கமும் சொல்யூஷன் தடவி ஒட்டி, கம்பெனி ஐடி கவருக்குள்ள சொருகிட்டேன். பத்து மாசமா கழுத்துல மாட்டிக்கினு போய் வந்தேன். அதுல இன்னா இருக்குதுன்னு ஒரு நாளும் யோசிக்கல.

புள்ள கேட்டதுக்கப்புறம்தான் யோசிச்சேன். அவ அழறத ஒரு தடவ அந்த செட்ல ரெக்கார்ட் பண்ணி அவளுக்கே போட்டுக் காட்டிச் சிரிச்சாரு. அப்ப அவரு குரலும் எங்கனாச்சும் மாட்டியிருக்கும் இல்ல? ஒரு வார்த்தை கெடச்சாப் போதும். புள்ளைக்குப் போட்டுக் காட்டிடலாம். எனக்கும்தான்.

தோலப் பிரிச்சி கார்ட எடுத்துக்கினு ஆம்பூர்ல ஒரு மொபைல் கடைக்குப் போனேன். கடைக்காரரு ஒரு செட்ல போட்டாரு, எடுத்தாரு, இன்னொண்ணுல போட்டாரு.

"கார்டு டெட்டுக்கா. புதுசு போட்டுக்க, நல்ல பாட்டா ஏத்தித் தர்றேன்."

"பாட்டு எவனுக்கு வேணும்?"னு கேட்டுட்டு வந்துட்டேன். அந்த ஆளு மேல இன்னா தப்பு, பாவம்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வெளிச்சத்துல வெச்சிப் பாக்கறேன், கார்டு பின்னால மஞ்சக் கோடு கோடா இருக்குமே, அது மேல பழுப்பா ஒரு பூச்சு. சொல்யூஷன். அட கர்மமே! பதினோரு வருஷத்துல ஒரு ஷூவுல வழிய விட்டவ இல்ல நான். வழியக் கூடாத எடத்துல வழிய விட்டிருக்கேன். நகத்தால சொரண்ட ஆரம்பிச்சேன்.

பக்கத்து டேபிள்காரி வெடுக்குன்னு கைய புடிச்சா. "ஏம்மே, பைத்தியமா உனக்கு? க்ரேப் எதுக்கு இருக்குது?"

க்ரேப்புன்னா ஒரு ரப்பர் கட்டி. ஷூ மேல வழிஞ்சி காஞ்ச சொல்யூஷன் மேல வெச்சித் தேச்சா, சொல்யூஷன் உருண்டு உருண்டு அழுக்கு மாதிரி வந்துடும், தோலுக்கு ஒண்ணும் ஆவாது. தினம் நூறு தடவ செய்யற வேலை. அது எனக்குத் தோணல பாருங்க. அவளே கட்டியோட மூலைய பிளேடால சீவி, கார்ட டேபிள் மேல வெச்சி, கொழந்தை காது தொடைக்கற மாதிரி மெதுவாத் தேச்சா. மஞ்சக் கோடு பளிச்சுன்னு வந்துச்சு. "யாருதுமே இது?"ன்னா. சொன்னேன். அவ இன்னும் ரெண்டு தடவ தேச்சிட்டுக் குடுத்தா.

திரும்ப அதே கடை. கடைக்காரரு என்னப் பாத்ததும் கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தாரு. இந்தத் தடவ செட்டு கார்ட எடுத்துக்கிச்சு. பாட்டுல போய்ப் பாத்தாரு, இருபது பாட்டு. போட்டோவுல போய்ப் பாத்தாரு, புள்ள படம் நாலு, டேனரில தோலப் போட்டுச் சுத்தற டிரம்மு முன்னால யாரோ பல்லக் காட்டிக்கினு நிக்கற படம் ஒண்ணு.

"அவ்ளோதான்கா. வேற ஒண்ணும் இல்ல."

"பேசினது இருக்கணும்."

"இருந்தா காட்டாதா?"

கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு. அவரு அடுத்த ஆளப் பாக்கப் போய்ட்டாரு. நான் போவல. எங்க வீட்டுக்காரரு வெச்சிருந்த மாதிரியே குச்சி வெச்ச சைனா செட்டு ஒண்ணு ஷோகேஸ்ல இருந்துச்சு. அதக் குடுன்னு வாங்கிட்டு வந்தேன். நான் வெச்சிருந்தது பட்டன் செட்டு, அதுல கார்டு போட எடமே கெடையாது.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, புள்ள ஓரகத்தி வீட்ல வெளையாடிக்கினு இருந்தப்ப உக்காந்தேன். எட்டாவது வரைக்கும் படிச்ச இங்கிலீஷு. ஒவ்வொரு எழுத்தாக் கூட்டித்தான் படிக்கணும். மெனுவுல பன்னெண்டு படம். ஒவ்வொண்ணாத் தொட்டேன். ஒண்ணுல கணக்குப் போடற மெசினு வந்துச்சு. ஒண்ணுல அலாரம். ஒண்ணுல எழுத்தெல்லாம் சைனாவா மாறிடுச்சு, அதத் திருப்பிக் கொண்டாறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. ரெண்டாவது பக்கத்துல கடைசியா மஞ்சக் கலர்ல ஒரு ஃபைலு படம். கம்பெனில ஹெச்ஆர் மேஜையில இருக்குமே, அதே ஃபைலு. அடியில ஃபைல் மேனேஜர்னு போட்டிருந்துச்சு.

தொட்டா ரெண்டு வரி வந்துச்சு. மேல போன், கீழ மெமரி கார்டு. மேல இருக்கறதத் தொட்டேன், காலி. மூணு தடவ தொட்டேன், மூணு தடவயும் காலி. இன்னாடா இது பேஜாரு, கடைக்காரன் சொன்னதுதான் சரியோன்னு செட்ட அணைக்கப் போய்ட்டேன். அப்பதான் குச்சி நழுவி ரெண்டாவது வரில பட்டுச்சு. வரிசையா மஞ்ச ஃபைலுங்க தொறந்துச்சு. ஆடியோன்னு இருந்ததுக்குள்ள போனேன். பேரு ஒண்ணும் இல்ல, வெறும் நம்பரு. நாப்பத்தி மூணு இருந்துச்சு.

அத எண்ணினப்ப எனக்குப் பழைய கோவம் ஒண்ணு வந்துச்சு. மளிகைக் கடைல அவரப் பல தடவ பாத்திருக்கேன். போனைக் காதுல வெச்சிக்கினு ஒரு வார்த்தை பேசாம சும்மா கேட்டுக்கினு நிப்பாரு. யாருன்னு கேட்டா "ஒண்ணுமில்லம்மே"ன்னு ஒரு அசட்டுச் சிரிப்பு. ஒருத்தி இருக்காளோன்னு நான் ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல. செத்த மனுஷன் மேல இப்ப போய் சந்தேகமா? ஆனா கை நின்னுடுச்சு, பொய் சொல்லக் கூடாது.

மொதல் நம்பரத் தொட்டேன்.

ஒரு பொம்பள குரலு. காது கிழியற மாதிரி. "கேக்குதா? வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி அரை கிலோ. அழுகினத அவன் தலையில கட்டுவான், பாத்து வாங்கு."

நாந்தான்.

ரெண்டாவதுலயும் நாந்தான். "தேங்கா எண்ணெ. சின்ன பாட்டில். புள்ளைக்கு வெள்ளப் பேப்பரு நாலு." மூணாவதுலயும் நாந்தான், பத்தாவதுலயும் நாந்தான். கம்பெனி விட்டதும் கேட்ல டோக்கன் குடுத்து, காலைல ஒப்படைச்ச போனைத் திரும்ப வாங்கி, பஸ் ஏறதுக்கு முன்னால தினமும் அவருக்குப் போடுவேன். முகத்துக்கு நேரா நீங்க வாங்கன்னு பேசறவ, போன்லன்னா நீ வா போதான். அவரு டிரம்ல தோலுப் போட்டு எடுக்கறவரு. கையெல்லாம் சுண்ணாம்பும் தண்ணியும். எழுதி வெச்சிக்க முடியாது, நெஞ்சுலயும் நிக்காது. மறந்துட்டு வந்து என்கிட்ட வாங்கிக் கட்டிக்குவாரு. அதுக்குத்தான் நான் பேசறத ரெக்கார்ட் பண்ணிட்டு, கடைல நின்னு போட்டுக் கேட்டு வாங்கியிருக்காரு. நான் சந்தேகப்பட்ட அந்த ஒருத்தி நாந்தான். இத என்கிட்ட சொல்லக் கூடாதா? சொன்னா கிண்டல் பண்ணுவேன்னு பயம். பண்ணித்தான் இருப்பேன்.

ஆனா நான் தேடினது என் கொரலு இல்லியே. டிரம்மு சத்தத்துல அவரு கொரல அந்தப் பழைய செட்டு சரியாவே புடிக்கல. எங்கயோ கெணத்துக்கு அடியில இருந்து வர்ற மாதிரி ஒரு "ம்". அப்புறம் ஒரு "சரி". நாப்பது தடவ நான் கத்தறேன், நாப்பது தடவ அவரு ம்ங்கறாரு. ஏன்யா, குறுக்க ஒரு வார்த்தை பேசித் தொலைச்சா இன்னான்னு எரிச்சலா வந்துச்சு. என் கொரல நானே எத்தன தடவதான் கேக்கறது? நான் எங்க பேச விட்டேன்?

கடைசி நம்பரு. நாப்பத்தி மூணு.

"யோவ், கேக்குதா? குக்கர் ரப்பரு அறுந்து போச்சு. காலைல சொல்ல மறந்துட்டேன். மூணு லிட்டரு. போன தடவ மாதிரி அஞ்சு லிட்டரு வாங்கினு வந்து நிக்காத."

"ம்."

"நீ மறந்துடுவ."

"மறக்க மாட்டேம்மே. உன் கொரலத்தான் கையில வெச்சிருக்கேனே." அவரு சிரிக்கறாரு. டிரம்மு சத்தம் நின்னு போயிருக்கு, அதனால இது மட்டும் தெளிவாக் கேக்குது.

"இன்னா உளர்ற? வெய்யி, பஸ் வந்துடுச்சு."

அவ்ளோதான். கொஞ்சம் மூக்கால வர்ற கொரலு. ஆமா, இதான். இதே கொரலுதான். எப்டி மறந்தேன்?

செட்டு கையில இருக்குது, நான் பரண் மேல இருந்த குக்கரப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன். அப்புறம் எழுந்து, செருப்புக் கூடப் போடாம கொழுந்தன் வீட்டுப் பின்பக்கம் போனேன். வண்டி சாமான் மாட்டி வெச்ச ஆணியில ஆஸ்பத்திரில குடுத்த அந்தப் பிளாஸ்டிக் பை அப்டியே தொங்கிக்கினு இருந்துச்சு.

"இன்னா அண்ணி தேடறீங்க?"ன்னு கொழுந்தன் வந்தான்.

"ஒண்ணுமில்ல."

கறுப்பு வளையத்த எடுத்துத் தொடைச்சேன். ஓரத்துல மூணு லிட்டருன்னு அச்சு போட்டிருந்துச்சு. அவனும் எட்டிப் பாத்தான். வண்டில கழண்டது இல்ல, குக்கர் ரப்பர்னு அப்பதான் அவனுக்குப் புரிஞ்சுது. "ஐயோ அண்ணி"ன்னான். நான் புள்ளய கூப்புட்டுக்கினு வந்துட்டேன்.

பரண்ல இருந்து குக்கர எறக்கிக் கழுவினேன். ரப்பர மூடியில வெச்சி அமுக்கினேன். பத்து மாசம் தொங்கினதுல கொஞ்சம் வெறைச்சிருந்துச்சு, ஆனா சுத்தியும் சரியா உக்காந்துச்சு. பருப்பப் போட்டு அடுப்புல வெச்சிட்டு, புள்ளய மடியில உக்கார வெச்சி நாப்பத்தி மூணாவதப் போட்டேன்.

"இது நீம்மா"ன்னா.

"இரு. கேளு."

கேட்டா. "இதான் அப்பாவா?"

"இதான்."

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். அவரு சிரிக்கறப்ப விசில் வந்துச்சு. புள்ள பயந்து போய் என்ன இறுக்கிப் புடிச்சா. குக்கர் சத்தமே அவளுக்கு மறந்து போயிருக்கு. கன்னத்துல போட்ட ஊசி மருந்து எறங்கி மரப்பு விடறப்ப ஒரு வலி வரும், எனக்கு அது வந்துச்சு. கல்யாணம் ஆன ஏழு வருஷத்துல அந்த மனுஷன் ஒரு சாமான ஒழுங்கா வாங்கினு வந்ததில்ல. "இத மட்டும் சரியா வாங்கினியேய்யா"ன்னு அடுப்பப் பாத்துச் சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். புள்ள திரும்பி என்னப் பாத்தா.