பரிதா மேடம் போன மற்ற வீடுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை, என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் போனில் சொன்னார்: "பரிதா மேடம் போயிட்டாங்க சார். தனியா இருந்த மனுசி. பாக்க ஆளில்லாமப் போயிட்டாங்க." நானும் "ஆமாம்" என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

திண்டுக்கல் கல்லூரியொன்றில் சமூகவியல் கற்பித்தவர் அவர். நான் ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது அறிமுகமானார். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் படிப்பை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். காரணம் தேடி வந்தவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதுக்கு ஆராய்ச்சி வேறயா மேடம்? விடியுமுன்ன மல்லிகை பறிக்க அனுப்பிடுறாங்க. படிப்பை நிறுத்துன அம்புட்டுப் பேர் வீட்டு வாசல்லயும் பூக்கூடை கிடக்கு. நாங்க போய்ப் பாத்துட்டுத்தான் சொல்றோம்."

"சரி சார். தினம் வர்ற பிள்ளைங்க வீட்டுக்குப் போனீங்களா?"

"அங்க எதுக்கு?"

"அங்கயும் பூக்கூடை கிடந்தா?"



இரண்டு வாரம் வெயிலில் நடந்தார். எல்லா வீட்டிலும் அதே கேள்விகள், அதே வரிசை. பிடித்த பதிலோ பிடிக்காத பதிலோ, சொன்னபடியே எழுதிக்கொண்டார். ஒருநாள் நானும் கூடப் போனேன். கணக்கில் கெட்டிக்காரியான சத்யாவின் வீடு. அவளும் படிப்பை விட்டிருந்தாள். அவளுடைய அம்மா சொன்னார்:

"பூப்பறிச்சுட்டு ஓட்டமாத்தேன் வருவா மேடம். ரெண்டு மைலு. அதுக்குள்ள பூட்டிப்புடுறாக. பயலுக பாக்க ரோட்டுல நிக்கவச்சா வயசுப்பிள்ளை எப்பிடி வரும்?"

பிறகுதான் என்னைக் கவனித்தார், தலையைக் குனிந்துகொண்டார். பிரார்த்தனை மணி அடித்ததும் இரும்புக் கதவைப் பூட்டச் சொன்னது நான். ஒழுங்கு வேண்டும் என்றுதான் செய்தேன்.

தினம் வருகிற பிள்ளைகளும் பூப்பறித்தார்கள் என்று பரிதா மேடத்தின் தாள்கள் காட்டின. அருகில் இருந்தவர்கள் மணிக்குள் வந்துவிட்டார்கள். தூரத்துப் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு வெளியே சில நாள் நின்றார்கள், பிறகு வரவேயில்லை.

"நான்கூட முதல்ல, வீட்டுல கல்யாணம் பேசுறதுதான் காரணம்னு நினைச்சேன் சார்," என்றார். "நம்ம நினைப்பு தப்புன்னு காட்டுற வீட்டுக்கும் போகணும். அதுக்குத்தான் இம்புட்டு நடை."

மறுவாரம் பூட்டை எடுத்தேன். சிலர் திரும்பி வந்தார்கள். சத்யா வரவில்லை. சும்மா வீட்டில் இருக்கிறாளே என்று மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். "பாத்தீங்களா, கல்யாணத்துக்குத்தான் நிறுத்தியிருக்காங்க," என்றார்கள் எங்கள் ஆசிரியர்கள். முதலில் கதவு, கல்யாணம் பிறகுதான் என்று எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

பரிதா மேடத்தின் அடக்கத்துக்குப் போனபோது அவருடைய எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன், கடைசி நாள்களில் யாரும் இல்லையா என்று.

"யார் சொன்னா? மூணு மாசமா எங்க வீட்டுப் பொம்பளைங்க மாத்தி மாத்திப் பக்கத்துலயேதான் இருந்தாங்க. கஞ்சி குடுத்தா, நீங்க சாப்பிட்டீங்களான்னு ஒவ்வொருத்தரையா விசாரிச்சிட்டுத்தான் குடிப்பாங்க. அங்கயும் சர்வேதான்!" சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெரியும் என்று சொல்லுமுன் இன்னொரு வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். காலம் கடந்து எடுத்துக்கொண்டேன். சத்யாவின் வீட்டுக்கு நான் அவருக்கு முன்பே ஒருமுறை போயிருக்கிறேன். வாசலில் பூக்கூடையைப் பார்த்ததும், எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.