பதினேழாம் எண் டோக்கன்

உலகமயமும் நாட்டின் பாதுகாப்பும் பற்றி டெல்லியில் ஒரு கருத்தரங்கு. வெளிநாட்டில் செய்த எலக்ட்ரானிக் பொருள் எதுவும் அரங்குக்குள் போகக்கூடாது என்று புது உத்தரவு. வாசலில் நின்ற காவலர் வேலூர்ப் பக்கத்துத் தமிழர். முறுக்கிய மீசை, கயிறு கட்டிய கண்ணாடி. எதைக் கொடுத்தாலும் திருப்பி, பின்பக்க எழுத்தை உதடு அசையப் படிப்பார். என் போன் போயிற்று, கைக்கடிகாரம் போயிற்று. பிறகு என் காதைப் பார்த்தார்.

"காது மெஷினையும் குடுத்துருங்க சார்."

"அது இல்லாம பேச்சு எப்படிங்க கேக்கும்?"

"ரூல் சார்."

எனக்கு எரிச்சல் வந்தது. "உங்க கையில இருக்கிற மெட்டல் டிடெக்டர் எந்த நாடு?"

அவர் அதைத் திருப்பிப் படித்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"அச்சா... இதுவும் வெளிநாடுதான் சார்."

அதையும் லாக்கரில் வைத்துப் பூட்டினார். அதற்கான பதினேழாம் எண் டோக்கனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னைக் கையாலேயே தடவிச் சோதித்து உள்ளே அனுப்பினார்.

ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் கைதட்டிவிட்டு வந்தேன். லாக்கருக்கு முன்னால் அவர் டோக்கனோடு வரிசையில் நின்றிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

எங்களுக்கு எடுத்துத் தர வேண்டியவரும் அவர்தான்.