பூட்டுக்கு உத்தரவு கேட்டவள்

மாயம்மாள் கல்யாணமான கையோடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையாள தேசத்து மட்டாஞ்சேரிக்கு வந்தவள். சுமை தூக்கிக்கொண்டிருந்த புருஷன் ஐம்பத்தாறாம் வருஷ மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். பிள்ளையும் இல்லை. ஊருக்குக் கூட்டிப்போக அண்ணன் வந்தபோது, "அங்க வந்தா ஒம் பொண்டாட்டி போடுற சோறு. இங்க ஏஞ் சோறு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். பஜார் ரோட்டுக் கிடங்கில் சுக்குப் பொறுக்கவும் மிளகு புடைக்கவும் போனாள். மேஸ்திரி பெண்களை 'எடீ' என்று மரியாதையில்லாமல் கூப்பிடுவதை நிறுத்தும்வரை முறத்தைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தவள் என்று அவளுக்கு அங்கே ஒரு பேர் இருந்தது.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காயல் தண்ணீருக்கு அக்கரையில், துறைமுகத் தீவில், காகிதம் இல்லாமல் கப்பலில் வந்து பிடிபடுகிறவர்களை வைத்திருக்க ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் இருந்தது. உள்ளே பெண் யாராவது இருந்தால் காவலுக்கும் ஒரு பெண் வேண்டும் என்பது விதி. அப்போதெல்லாம் மாயம்மாளுக்கு ஆள் வரும். படகேறிப் போவாள்.

அறுபத்து நாலு ஆகஸ்டில் அப்படி ஆள் வந்தது. ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றி வந்த கப்பலில் ஒருத்தி இருந்தாளாம். போய்ப் பார்த்தால் ஒருத்தி இல்லை, மூன்று பேர். ஸ்வர்ணலதா என்ற முப்பது வயதுக்காரி, ஏழு வயது மீனாக்ஷி, நாலு வயதில் இன்னொரு பெண், மிமி. அந்தச் சின்னது ஓயாமல் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. அறையில் ஆளுயரத்துக்கு மேலே ஒரே ஒரு ஜன்னல்.

"தமிழா?" என்றாள் மாயம்மாள்.

"தமிழ்தான். அங்கேயே பிறந்தேன். வீட்டுக்காரர் பர்மாக்காரர், அச்சாபீஸ் வச்சிருந்தார். பட்டாளத்துக்காரங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க. எதையோ அச்சடிச்சாராம். அடுத்தது நீதான்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பிள்ளைங்கள இழுத்துட்டு வந்துட்டேன்."

மத்தியானம் சோறு வந்தது. ஒரு தட்டுதான் வந்தது. மாயம்மாள் அதை எடுத்துக்கொண்டு நேரே ஆபீஸ் அறைக்குப் போனாள். பொறுப்பில் இருந்தவர் ராமபத்ரன், பாலக்காட்டுத் தமிழர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஃபைலைத் தாண்டி எதையும் பார்க்காதவர்.

"சாரே, மூணு வயித்துக்கு ஒரு தட்டா?"

"ரிஜிஸ்டர்ல ஒரு பேர்தானே இருக்கு. குழந்தைகள் மேல கேஸ் ஒண்ணும் இல்லை. அம்மாகூட இருக்கா, அவ்வளவுதான்."

"கேஸ் இல்லன்னா வெளிய போகலாமா?"

"அதெப்படிப் போக முடியும்?"

"போகக் கூடாதுன்னா சோறு போடுங்க. சோறு இல்லன்னா கதவத் தெறங்க. ரெண்டும் இல்லன்னா அது என்ன கணக்கு சாரே?"

ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ வந்த வேலையைப் பார். மேலேர்ந்து ஆர்டர்."

அன்றிலிருந்து மாயம்மாள் தன் வீட்டிலிருந்து கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். வயிறு ஒருவாறு நிறைந்தது. மற்றதற்கு வழி இல்லை. மூன்றாவது வாரம் சின்னது பேச்சை நிறுத்திவிட்டது. அம்மா கூப்பிட்டாலும் திரும்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். மீனாக்ஷிக்கு உடம்பெல்லாம் சிரங்கு. டாக்டரைக் கூப்பிடச் சொன்னால், ரிஜிஸ்டரில் இல்லாதவர்களுக்கு டாக்டரும் இல்லை என்றார்கள்.

செப்டம்பர் கடைசியில் ராமபத்ரன் வந்து, அதே கப்பல் அக்டோபர் ஐந்தாம் தேதி திரும்ப வருகிறது, மூவரையும் அதில் ஏற்றி அனுப்ப உத்தரவு என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்வர்ணலதா அழவில்லை. மீனாக்ஷியின் தலையைப் பின்னிக்கொண்டே, "கரையில இறங்கினதும் என்னைப் பிடிப்பாங்க அக்கா. இதுங்களை யார் கூட்டிப் போவாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள்.

மாயம்மாள் அன்று வீட்டுக்குப் போய் உலை வைக்கவில்லை. அடுப்பு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். பயம் இருந்தது. அதைவிடக் கோபம் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், மீனாக்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள். ஸ்வர்ணலதாவிடம் சொல்லியிருந்தாள், அவளும் சரி என்று தலையசைத்திருந்தாள். வாசல் போலீஸ்காரன் எங்கே என்று கேட்டான். "கோர்ட்டுக்கு" என்றாள். பொய் இல்லை. அவன் ஏதோ உத்தரவு என்று நினைத்து வழி விட்டான். படகில் மீனாக்ஷி தண்ணீரைப் பார்க்கவில்லை. ஆகாயத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

மட்டாஞ்சேரி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அன்று ஏதோ வாடகைத் தகராறில் வந்த அடிதடி வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாயம்மாள் பிள்ளையோடு நடுவில் போய் நின்றாள். குமாஸ்தா கையைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தான்.

"தொடாதீரும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் கையை விட்டான். "ஐயா, இந்தப் பிள்ளைய அஞ்சு வாரமாப் பூட்டி வச்சிருக்காக. எதுக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அந்த வழக்குக்காக வந்திருந்த வக்கீல் சிவராமகிருஷ்ணன் எழுந்தார். இளவயது, கறுப்புக் கோட்டின் முழங்கை நைந்திருந்தது. பிள்ளையின் கைச் சிரங்கைப் பார்த்தார். "இவளுக்காக நான் ஆஜராகிறேன்" என்றார்.

மத்தியானம் ராமபத்ரன் ஃபைலோடு வந்து சேர்ந்தார், வியர்த்து வடிய. காவலில் இருந்த பிள்ளையைக் கடத்திக்கொண்டு வந்தாள், இவள்மேல் வழக்குப் போடவேண்டும் என்றார்.

"காவலில் இருந்ததா?" என்றார் சிவராமகிருஷ்ணன். "அப்படியானால் காவலில் வைக்கச் சொன்ன உத்தரவைக் காட்டுங்கள்."

ராமபத்ரன் ஃபைலைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் ஒரு தடவை, பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை. "குழந்தைக்குத் தனியா உத்தரவு இல்லை."

"உத்தரவு இல்லையென்றால் காவல் இல்லை. காவல் இல்லையென்றால் கடத்தல் எங்கே?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. வயதானவர், பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, தாயின் விஷயம் ஹைகோர்ட்டில் பேசவேண்டியது, அதில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, பிள்ளைகள் இருவரையும் அநாதை இல்லத்துக்கு அனுப்பலாம் என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார்.

மாயம்மாள் பிள்ளையின் கையை விடாமல் ஒரு அடி முன்னால் வந்தாள். "அநாதையா? இதுகளப் பெத்தவ உசுரோட இருக்கா ஐயா. அவளப் பூட்டி வச்சிட்டு இதுகள அநாதைன்னு எழுதுனா, அது பொய்யில்லையா?"

"வாயை அடக்கு" என்றான் குமாஸ்தா.

"அடக்க மாட்டேன். என்னையும் சேத்துப் பூட்டுங்க, அப்பவும் அடக்க மாட்டேன்."

மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார். மீனாக்ஷியிடம் குனிந்து, எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டார். மலையாளத்தில் கேட்டதால் அவளுக்குப் புரியவில்லை. மாயம்மாள் தமிழில் சொன்னதும், "அம்மாகிட்ட. ஆனா கதவு திறந்திருக்கணும்" என்றாள்.

உத்தரவில் அதையே எழுதினார்கள். ஹைகோர்ட் முடிவு தெரியும்வரை பிள்ளைகள் தாயோடு இருக்கலாம். பிள்ளைகள் வெளியே போய்வர ஒரு தடையும் கூடாது. மூன்று பேருக்கும் சோறு, உடனே டாக்டர்.

மறுநாளே சிவராமகிருஷ்ணன் எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் மனு போட்டார். திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்பதுதான் அதன் சாரம். விசாரணை மூன்றாம் தேதி வந்தது. இடைக்காலத் தடை கிடைத்தது; வாரம் ஒருமுறை கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு ஜாமீன்காரர் வீட்டில் தாயும் பிள்ளைகளும் தங்கலாம் என்றும் ஆனது. ஜாமீன் யார் என்று கேட்டபோது மாயம்மாள் கட்டைவிரலை மையில் தோய்த்தாள். ஐந்தாம் தேதி அந்தக் கப்பல் மூவரும் இல்லாமலே புறப்பட்டது.

மாயம்மாளின் காவல் வேலை அதோடு போயிற்று. போலீஸ் வந்து போகிற வீடு வேண்டாம் என்று வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். "கோர்ட்டு உத்தரவுல இந்த வீட்டு விலாசம்தான் இருக்கு. நீங்களே போய் மாத்திட்டு வாங்க" என்றாள். அவர் போகவும் இல்லை, அப்புறம் கேட்கவும் இல்லை. ஒற்றை அறையில் நாலு பேர் படுத்தார்கள். ஸ்வர்ணலதா கிடங்கில் சாக்குத் தைத்தாள். மீனாக்ஷி பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதக் கற்றாள். மிமிக்குப் பேச்சு வர ஏழு மாசம் ஆயிற்று. ஒருநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் வாளியைக் கேட்டுச் சண்டை போட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஸ்வர்ணலதா அப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்து அழுதாள். அவள் புருஷனைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. ரங்கூனுக்குப் போட்ட கடிதங்களில் இரண்டு திரும்பி வந்தன. மற்றவை வரவே இல்லை.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. அறுபத்தேழு கடைசியில் தங்குவதற்கு அனுமதி வந்தது, ஆனால் ஒரு வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். எர்ணாகுளத்து ஆபீஸ் வராந்தாவில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்வர்ணலதா வாடிப்போய் நின்றாள்.

"ஒரு வருஷந்தான் அக்கா."

"அடுத்த வருஷமும் வருவோம்" என்றாள் மாயம்மாள். "அதுக்கடுத்த வருஷமும் வருவோம். நமக்கு நடக்கத் தெரியும். வா, படகுக்கு நேரமாச்சு."